இரண்டு மொட்டைகள், ஒரு முதலுதவிப் புத்தகம்

அகிம்சை என்பது முடி சம்பந்தப்பட்ட விஷயம் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். தலையை மழித்து, சட்டையைக் கழற்றி, கையில் ஒரு கம்பைக் கொடுத்தால் எவனும் மகாத்மா ஆகிவிடலாம், மீதியெல்லாம் வேட்டியை எவ்வளவு மேலே தூக்கிக் கட்டுகிறோம் என்பதில் இருக்கிறது என்பது என் கட்சி. இந்த நம்பிக்கைக்காக ஒரு தலை நிறைய முடியையும், சில நாள் தூக்கத்தையும், கிட்டத்தட்ட ஒரு வேலையையும் பணயம் வைத்திருக்கிறேன். மகாத்மா என்றால் எந்த மகாத்மா என்று கேட்காதீர்கள். உங்கள் சட்டைப் பையில் கைவிட்டுப் பாருங்கள், நோட்டிலிருந்து சிரிப்பார்.

இதெல்லாம் இப்போது ஞாபகம் வரக் காரணம் ஓர் அட்டைப்பெட்டி. எங்கள் கம்பெனி ஒரகடத்துக்கு இடம் மாறிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இருங்காட்டுக்கோட்டையில் இருந்த பழைய ஷெட்டைக் கழித்துக்கட்டிய சாமான்களைப் போடும் கிடங்காக வைத்திருந்தார்கள். இப்போது அதையும் காலி செய்துகொடுக்க வேண்டும் என்று முடிவாகி, அந்த வேலை என் தலையில் விழுந்தது. "சார், உங்களுக்குத்தான் எது குப்பை எது குப்பை இல்லைன்னு தெரியும்" என்றார் எங்கள் மேனேஜர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். எந்தக் கணக்கில் சொன்னாரோ, நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

முதலுதவி அறையில் இருந்த பெட்டியைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது. டெட்டாலும் துருவும் கலந்த வாசனை. மேலே ஒரு மூக்குக்கண்ணாடி கிடந்தது. கண்ணாடி என்று சொல்வது மரியாதைக்காக. கண்ணாடியே கிடையாது, வெல்டிங் கம்பியை வளைத்து இரண்டு வட்டம், நடுவில் ஒரு பாலம், பக்கத்துக்கு ஒரு கால். இடது கால் மட்டும் உள்பக்கமாக மடங்கியிருந்தது. அதை மடக்கியவன் நான்தான். அதற்கு அடியில் நீளவாக்கில் பைண்ட் செய்த ஒரு புத்தகம், அட்டையில் சிவப்புச் சிலுவைக் குறி. அதைப் பார்த்ததும் பெட்டியை மூடிவிட்டேன். எனக்கு ஐம்பது நெருங்குகிறது, சர்க்கரை இருக்கிறது, கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். இருந்தாலும் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். புத்தகத்தை அப்புறம் திறக்கிறேன். முதலில் கண்ணாடியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். தைரியம் வர எனக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும்.

நான் பென்னலூர்க்காரன். எங்கள் ஊரைச் சுற்றி ஃபாக்டரிகள் முளைத்த காலத்தில் எனக்கும் மீசை முளைத்தது. வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில், கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் வெல்டிங் செய்யும் ஒரு கம்பெனியில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தேன். அதே நாளில் சேர்ந்தவன் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் எட்டுப் பேர் தங்கும் அறையில் ஒருவன். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. யூனிஃபார்ம் அவன்மேல் இருக்காது, ஆணியில் தொங்குவதுபோல் தொங்கும். காதுகள் இரண்டும் யாரையோ வரவேற்பதுபோல் விரிந்து நிற்கும். பேச்சு கிடையாது.

பேச்சு முழுக்க என் டிபார்ட்மென்ட். லைனில் நான்தான் கோமாளி. சூப்பர்வைசர் நடக்கிற மாதிரி நடந்து காட்டுவேன், மெஷின் நின்றுபோனால் அதற்கு ஒப்பாரி வைப்பேன். டீ நேரத்தில் என்னைச் சுற்றித்தான் கூட்டம் இருக்கும். அந்தக் கூட்டம் என் சொத்து என்று நினைத்திருந்தேன்.

அப்போது கம்பெனிக்குள் இரண்டு ஜாதி உண்டு. தப்பாக நினைக்காதீர்கள், சட்டை நிறத்தைச் சொல்கிறேன். நிரந்தரத் தொழிலாளர்களுக்கு நீலச் சட்டை, பயிற்சியில் இருந்த எங்களுக்குச் சாம்பல் சட்டை. நீலத்துக்கு மின்விசிறி போட்ட கேன்டீன் ஹால், அதில் குளிர்ந்த தண்ணீர் தரும் கூலர். சாம்பலுக்குப் பின்பக்கத்துத் தகரக் கொட்டகை, அதன்மேல் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. மத்தியானம் அந்தக் குழாயைத் திறந்தால் டீத்தூள் மட்டும்தான் பாக்கி. சுட்ட பிளாஸ்டிக் வாசனையோடு ஒரு தண்ணீர் வருமே, அதை இன்றைக்கும் நாக்கு மறக்கவில்லை. வெல்டிங் முன்னால் நாலு மணி நேரம் நின்றுவிட்டு வந்து அதைக் குடிப்போம். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. சட்டை நீலமானால் எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லோருமே நினைத்தோம். டிசம்பரில் நிரந்தர ஆர்டர் வரும், லைனுக்கு ஒருவரோ இருவரோதான் தேறுவார்கள் என்று பேச்சு இருந்தது.

செப்டம்பர் மாதம் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். அக்டோபர் இரண்டாம் தேதி விடுமுறை என்பதால் முந்தின நாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் விழா, அதில் மகாத்மாவின் வாழ்க்கை நாடகமாக நடக்கும், நடிக்க விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம். கதை வசனம் எங்கள் எச்.ஆர். அதிகாரி தேவராஜ் சார். மூன்று காட்சி: தென்னாப்பிரிக்காவில் ரயிலிலிருந்து தள்ளிவிடுவது, உப்பு எடுப்பது, உண்ணாவிரதம். டைரக்டர், பிளான்ட் ஹெட் எல்லோரும் முன்வரிசையில் உட்கார்வார்கள்.

முன்வரிசை என்ற வார்த்தையைப் படித்ததுமே நான் முடிவு செய்துவிட்டேன். பெயர் கொடுப்பதோடு நிறுத்தியிருக்கலாம். தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் நேராக சலூனுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். தேர்வு செய்கிறவர்களுக்குக் கற்பனை செய்யும் சிரமத்தைக் கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான்.

வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். முறம் கையிலிருந்து விழுந்தது.

"அடப்பாவி! யாருடா பூட்டாங்க? நான் கல்லாட்டம் இங்கதான்டா கீறேன்!"

உள்ளேயிருந்து அப்பா, தானும் உயிரோடுதான் இருக்கிறார் என்பதைத் தெரிவிக்கும் வகையில் இருமினார்.

மறுநாள் தேர்வு. தேவராஜ் சார் என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். என் மொட்டையைப் பார்த்தார். அதற்குக் கீழே கழுத்து இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். அதற்கும் கீழே, நாடு முழுவதும் பட்டினி கிடந்தாலும் தான் கிடந்ததில்லை என்று சாட்சி சொல்லும் தொப்பையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து இசக்கிமுத்து கையெழுத்து வாங்க ஒரு ஃபைலோடு உள்ளே வந்தான். பெயரே கொடுக்காதவன்.

"நில்லு நில்லு. திரும்பு. அந்தக் காதைப் பாருங்கய்யா!" என்று தேவராஜ் சார் எழுந்தேவிட்டார்.

காது! நான் மொட்டை அடித்துக்கொண்டு நிற்கிறேன், அவன் காதால் ஜெயிக்கிறான். பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். ஒவ்வொரு வருடமும் ஓர் ஒல்லிப் பையன் கம்போடு முன்னால் போவான், நான் பின்னால் ஆலமரமாக நிற்பேன்.

எனக்கும் வேஷம் கொடுத்தார்கள். உப்புக் காட்சியில் தடியால் அடிக்கும் வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி. மொட்டையைத் தொப்பி மறைத்துவிடும் என்றார்கள். என் நிறத்தை எது மறைக்கும் என்ற கேள்விக்கு இரண்டு டப்பா பவுடர் என்று முடிவானது. ஒத்திகையில் பவுடர் பூசிக்கொண்டு நான் வெளியே வந்தபோது, எனக்கு அடுத்த மெஷினில் நிற்கும் பாபு சொன்னான்: "இன்னா மச்சி, கோலம் போட்ட தோசக்கல்லாட்டம் கீற."

எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை நாள் நான் சிரிக்க வைத்தேன், அன்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பது அதில் விழுந்து எழுந்தவனுக்குத்தான் தெரியும்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் எனக்கு நரகம். இசக்கிமுத்துவும் மொட்டை போட்டுக்கொண்டான். லைனில் இரண்டு மொட்டை. ஒன்றைப் பார்த்தால் கும்பிட்டார்கள், இன்னொன்றைப் பார்த்தால் "திருப்பதியா, பழனியா?" என்று கேட்டார்கள். அவனை எல்லோரும் 'தாத்தா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கள் கொட்டகையில் பரிமாறும் அமுதா அக்கா அவன் தட்டில் மட்டும் இரண்டு அப்பளம் வைப்பார். "தாத்தா பாவம், எளைச்சி பூட்டாரு" என்பார். அப்பளத்துக்காகப் பொறாமைப்பட்டவன் நான் என்று எழுதக் கை கூசத்தான் செய்கிறது. ஆனால் உண்மை அதுதான். இரண்டாவது அப்பளம் உடையும் சத்தம் என் காதில் தனியாகக் கேட்கும்.

அவனோ வேஷத்தை வேஷமாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்டலத்தில் கல்லூரி மாணவர்கள் எடைக்குப் போட்டுவிட்டுப் போகும் பழைய புத்தகங்களில், அட்டை போன ஒன்றை வாங்கிவந்தான். மகாத்மாவைப் பற்றியது. டீ நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, படித்ததைச் சொல்வான். வேறு ஆளே கிடைக்கவில்லை அவனுக்கு.

"அண்ணே, அவரு ஒரு போராட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எதிராளிக்கே லெட்டர் போட்டுச் சொல்லிருவாராம்ணே. இன்ன தேதிக்கு இன்னது செய்யப் போறேன்னு."

"சொல்லிட்டு செஞ்சா அவன் உஷாராயிட மாட்டான்?"

"உஷாராவட்டும்னுதான சொல்லுதாரு."

இன்னொரு நாள் கேட்டான்: "அடிக்க வந்தப்ப கையத் தூக்கித் தடுக்கவே இல்லியாம்ணே, அத்தன பேரும். நம்மளுக்குன்னா கை தானா மேல போயிரும்லா? அத எப்படி அடக்குனாவ?"

அவன் கண்டுபிடிக்க ஒரு வழி செய்தான். அறையில் இருந்த ஏழு பேரையும், நினைத்த நேரத்தில் தன் முகத்தில் துண்டையோ தலையணையையோ வீசச் சொன்னான். கையைத் தூக்காமல் பழகினான். குளித்துவிட்டு வருவான், துண்டு பறக்கும். சாப்பிட்டுக்கொண்டிருப்பான், தலையணை வரும். கடைசியில் கண்கூடச் சிமிட்டுவதில்லை என்று அவன் அறைக்காரர்கள் பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. பட்டதோடு, எனக்கு ஏன் இப்படி ஒன்று தோன்றவில்லை என்றும் பட்டது.

விழா நாள் வந்தது. இரண்டு ஷிஃப்ட்டும் ஒன்றாகக் கூடியிருந்தது. ரயில் காட்சியில் அவன் தள்ளப்பட்டு விழுந்து எழுந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டதற்கே கைத்தட்டல். அந்தக் கண்ணாடியை வெல்டிங் கம்பியில் அவனே செய்திருந்தான். அடுத்தது உப்பு. என் கையில் பிளாஸ்டிக் குழாயில் காக்கித்தாள் சுற்றிய தடி. நான் மூன்று முறை ஓங்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஓர் அங்குலம் முன்னால் நிறுத்த வேண்டும், மூன்றாவதில் அவன் சரிய வேண்டும். ஒத்திகையில் நூறு முறை செய்தது.

முதல் ஓங்கல். அவன் கை உயரவில்லை. இரண்டாவது ஓங்கல். அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான், இமை அசையவில்லை. முன்வரிசையில் டைரக்டர் கைதட்ட ஆரம்பித்தார், அதைப் பார்த்துக் கூட்டமே தட்டியது. நான் எதிரில்தான் நிற்கிறேன், மூட்டைப் பவுடரோடு. ஒரு கண்கூட என் பக்கம் இல்லை.

மூன்றாவதை நான் நிறுத்தவில்லை.

இடது காதுக்கு மேலே விழுந்தது. குழாய் உடைந்தது, கண்ணாடியின் கால் மடங்கியது. அவன் சரிந்தான், வசனப்படி. ஆனால் காதோரம் இறங்கிய சிவப்பு வசனத்தில் இல்லை. அப்போதும் கை மேலே வரவில்லை. இரண்டு கைகளும் தொடையோடு ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். கைத்தட்டல் காதைப் பிளந்தது. தலையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு உண்ணாவிரதக் காட்சியையும் அவனே நடித்து முடித்தான்.

எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. உள்ளே யார்மீதும் கை வைத்தால் விசாரணை கிடையாது, நேரே கேட்டுக்கு வெளியேதான். நீலச் சட்டைக்கே அப்படி என்றால் சாம்பல் சட்டைக்குச் சொல்ல வேண்டாம். இது ஞாபகம் வந்ததும் என் பவுடர் வியர்வையில் கரைந்து கோடு கோடாக இறங்கியது. உடைந்த குழாய் என் உள்ளங்கையையும் கீறியிருந்தது. முதலுதவி அறைக்கு அவனுக்கு முன்னால் ஓடினேன்.

அங்கே மெர்சி சிஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. அடிபட்டு யார் வந்தாலும் ஒரு புத்தகத்தை நீட்டுவார். தேதி, பெயர், அடிபட்ட இடம், 'எப்படி நடந்தது' எல்லாம் நாமே எழுத வேண்டும். சிகிச்சை என்ற கட்டத்தை மட்டும் அவர் எழுதுவார். "உன் ஒடம்பு, உன் கையெழுத்து" என்பார். என் வரியில் நான் எழுதினேன். மேடைப் பலகை வழுக்கியதால் கை தவறிவிட்டது என்று எழுதினேன். கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். நான் வெளியே வரும்போது இசக்கிமுத்து உள்ளே போனான். அடுத்த வரி அவனுடையது. என் பொய்க்கு நேர் கீழே, பேனா கையில், அவன்.

மூன்றாம் தேதி காலையில் வேலைக்கு வந்ததும் அவன் நேராக தேவராஜ் சார் அறைக்குப் போனான். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. இசக்கிமுத்து ஏதோ சொன்னான். தேவராஜ் சார் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"மச்சி, உன் பேரைத்தான் சொல்லிகினு கீறான் போல" என்றான் பாபு, ஆறுதலாக.

பத்து மணிக்கு மெர்சி சிஸ்டரிடம் கட்டு மாற்றுவதுபோல் போனேன். புத்தகம் இல்லை. "தேவராஜ் சார் வாங்கினு போயிட்டாருப்பா. ரெண்டு வரியும் படிச்சாரு" என்றார். அந்த 'ரெண்டு வரியும்' என் நெஞ்சில் ஸ்பாட் வெல்டிங் மாதிரி இறங்கியது.

மத்தியானம் தகரக் கொட்டகையில் இசக்கிமுத்து இல்லை. தேவராஜ் சார் அறைக்கு எதிரே ஒரு பூவரச மரம். அதன் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான், காதில் பிளாஸ்திரியோடு, முன்னால் ஒரு காலி டம்ளரை வைத்துக்கொண்டு. அரை மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை முழுக்க அங்கேயே. சாப்பிடவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. என்னை வேலையிலிருந்து தூக்கும்வரை இவன் சாப்பிடப் போவதில்லை. மகாத்மா ஒரு சாம்ராஜ்யத்தை எதிர்த்துச் செய்ததை இவன் என் ஒருவனை எதிர்த்துச் செய்கிறான். பயத்தின் நடுவிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அன்றிரவு முழுக்கத் தூங்காமல், அவனிடம் என்ன சொல்லிக் கெஞ்சுவது என்று வசனம் தயாரித்தேன். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டை விட்டுவிட்டு மரத்தடிக்குப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தம்பி, அன்னிக்கி இன்னா ஆச்சின்னா..." என்று ஆரம்பித்தேன்.

அவன் சிரித்துக்கொண்டே டம்ளருக்கு அடியிலிருந்த துண்டுச் சீட்டைக் காட்டினான். 'இந்த அரை மணி நேரம் மௌனம்' என்று எழுதியிருந்தது. சரிதான், கெஞ்சவும் வழியில்லை. எழுந்து போனால் தப்பாக நினைப்பான் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். வயிறு மட்டும் மௌனத்தைக் கடைப்பிடிக்கவில்லை.

கதவு திறந்தது. தேவராஜ் சார்.

"நீயுமா?"

நான் எழுந்து நின்றேன். "ஆமா சார்."

"இவன் சொல்றதுதான் நீயும் சொல்றியா?"

"அதேதான் சார்."

"நிரந்தர ஆர்டர் வர்ற நேரம். நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சிட்டேன் சார். இன்னா முடிவு எடுத்தாலும் சரி சார்."

அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொண்ட நிம்மதியில் எனக்குக் கண்ணில் நீர் கட்டியது. சங்கு ஊதியது. இசக்கிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒருத்தராது வருவாவன்னு தெரியும்ணே. நீங்களா இருப்பியன்னு நெனைக்கல."

மெஷினுக்குத் திரும்பினால் பாபு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். "இன்னாடா, நீயும் தண்ணிக்காகக் குந்திட்டியா?"

"எந்தத் தண்ணி?"

"கூலர் தண்ணிடா! தாத்தா நேத்து காலைலயே சார்கிட்ட போயி சொல்லிட்டான்ல. குடிக்கிற தண்ணி எல்லாருக்கும் ஒண்ணாத் தர்ற வரைக்கும் மத்தியானம் சாப்ட மாட்டேன், இன்னைலருந்து மரத்தாண்ட குந்தப் போறேன்னு. ஏன், உனக்குத் தெரியாமலா போயி குந்தன?"

எதிராளிக்கு முன்கூட்டியே லெட்டர். டீ நேரத்தில் என்னிடம்தான் சொல்லியிருக்கிறான், நான்தான் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆக, என் வேலை அடித்ததற்காகப் போகப் போவதில்லை, போராடியதற்காகப் போகப் போகிறது. நான் செய்யாத ஒரு நல்ல காரியத்துக்காக! உடனே ஓடிப்போய் "சார், எனக்குத் தாகமே எடுக்காது சார்" என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் லைன் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. பல நாளுக்குப் பிறகு, சிரிக்காமல்.

மறுநாள் மரத்தடியில் எனக்கு முன்னால் நாலு சாம்பல் சட்டைகள் வந்து உட்கார்ந்திருந்தன. "நீயே வந்துட்ட, அப்புறம் எங்களுக்கு இன்னா பயம்" என்றார்கள். அடுத்தடுத்த நாள்களில் மர நிழல் போதாமல் வெயிலில் உட்கார்ந்தார்கள். கோஷம் கிடையாது, கொடி கிடையாது. அரை மணி நேரம் மௌனம், சங்கு ஊதினால் எழுந்து வேலைக்குப் போவோம். ஒரு சீட்டுச் சட்டம்கூடக் குறையாமல் செய்துகொடுத்தோம். எதற்காகத் திட்டுவது என்று தெரியாமல் சூப்பர்வைசர்கள் தவித்தார்கள். மரத்தடியில் என் பக்கத்தில் அவன் காதுப் பிளாஸ்திரி தெரியும். தினமும் அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பதைவிட விசாரணையே தேவலாம்.

அடுத்த வாரம் பிளான்ட் ஹெட் வந்தார். "என்னப்பா உங்க பிரச்சினை?" என்றார். இசக்கிமுத்து எழுந்துபோய் டம்ளரில் கறுப்புத் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுவந்து இரண்டு கைகளாலும் அவரிடம் கொடுத்தான். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று அவர் ஒரு வாய் குடித்தார். துப்பவும் முடியவில்லை. விழுங்கினார்.

"இதையா குடிக்கிறீங்க?" என்றார். அதற்குள் சங்கு ஊதிவிட்டது, இசக்கிமுத்து வாயைத் திறந்தான்.

"பழகிட்டு சார். இது பழகிறக் கூடாதுன்னுதான் உக்காந்திருக்கோம்."

அந்த மாதமே கொட்டகைக்கு ஒரு கூலர் வந்தது. முதல் டம்ளர் குடித்தபோது பல் கூசியது. அமுதா அக்கா எனக்கும் இரண்டு அப்பளம் வைத்தார். "ரெண்டாவதா குந்தினது யாரு? நம்மாளு!" என்று பாபு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். எனக்கு அரை நாள் சந்தோஷமாக இருந்தது. அப்புறம், ஏன் ரெண்டாவது என்று ஆரம்பித்துவிட்டது. பாருங்கள், என் பிறவியை.

டிசம்பரில் ஆர்டர் வந்தது. எங்கள் லைனில் ஒன்றே ஒன்று. என் பெயருக்கு. இசக்கிமுத்துவுக்குப் பயிற்சிக் காலம் முடிந்தது என்று ஒரு தாள். இரண்டு பேரும்தானே உட்கார்ந்தோம் என்று எனக்குத் தோன்றியது. நான் பயத்தில் உட்கார்ந்தவன் என்பது தேவராஜ் சாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பயந்தவனை வைத்துக்கொள்வதில் கம்பெனிக்கு நஷ்டம் இல்லை.

நெடுஞ்சாலை பஸ் ஸ்டாப் வரைக்கும் அவன் பையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஜோக் அடித்தேன். கடைசியில் தாங்காமல் கேட்டேன்: "இசக்கி, மெர்சி சிஸ்டர் புக்குல நீ இன்னா எழுதின?"

அவன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கூலர்ல ஃபில்டர் மாத்தணும்ணே, ஆறு மாசத்துக்கு ஒருக்க. யாரும் செய்ய மாட்டாவ. நீங்க பாத்துக்கிடுங்க" என்றான். பஸ் வந்துவிட்டது.

அன்றிலிருந்து நான் ஒரு முடிவுக்கு வந்து அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். அவன் எனக்காகப் பொய் எழுதியிருக்கிறான். பலகை வழுக்கியது என்று நான் எழுதியதைப் பார்த்து, அவனும் அதையே எழுதியிருக்கிறான், இல்லாவிட்டால் எனக்கு வேலை நிலைத்திருக்காது. இது எனக்குப் பெரிய ஆறுதல். யாராவது மகாத்மா, சத்தியம் என்று பேச்செடுத்தால் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். எனக்குத் தெரிந்த ஒரு மகாத்மாவே ஒரு கட்டத்தில் பொய் எழுதியவன்தான். ஆக, அவன் என்னைவிட ஒன்றும் அவ்வளவு உயரமில்லை. கையைத் தூக்காமல் நின்றவன்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டே ஓர் ஆயுளை ஓட்ட முடியாது பாருங்கள், இப்படி ஏதாவது முட்டுக் கொடுத்தால்தான் முடியும்.

இப்போது பூவரச மரம் இல்லை. லாரி திரும்ப இடம் வேண்டும் என்று வெட்டிவிட்டார்கள். கொட்டகை இருந்த இடத்தில் சிமென்ட் தளம். கூலரைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. ஃபில்டரை நான் நாலு முறை மாற்றச் சொன்னேன், அப்புறம் மறந்துபோனேன். அமுதா அக்கா இல்லை. ஒரகடத்தில் சீட்டுச் சட்டத்தை ரோபோக்கள் பற்றவைக்கின்றன. பயிற்சிக்கு வருகிறவர்கள் சில மாதங்களில் மாறிவிடுகிறார்கள், பக்கத்தில் நிற்பவன் பெயர் தெரியும் முன்பே அவன் போய்விடுகிறான். சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அதுவும் ஒரு மௌனம்தான். அக்டோபரில் வரவேற்பறைத் திரையில் மகாத்மா படத்தைப் போட்டு, பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ள ஓர் அட்டைச் சட்டம் வைக்கிறார்கள். மொட்டை போட வேண்டியதில்லை. இசக்கிமுத்து எங்கே இருக்கிறான் என்று தெரியாது. அவன் கொடுத்த நம்பர் அவன் அறைக்குக் கீழே இருந்த மளிகைக் கடையுடையது. கடையும் இப்போது இல்லை.

சரி, புத்தகத்தைத் திறந்துவிட்டேன்.

பக்கம் பழுப்பாகியிருக்கிறது. என் வரியை உடனே கண்டுபிடிக்க முடிந்தது, கட்டத்தை மீறி ஓரம் வரைக்கும் ஓடுவது அது ஒன்றுதான். மேடைப் பலகை வழுக்கியதால் கை தவறிவிட்டது, எதிரில் நின்றவர் திடீரென்று முன்னால் வந்துவிட்டார். இரண்டாவது வாக்கியத்தை எழுதியதே எனக்கு மறந்திருந்தது.

அதற்குக் கீழே அவன் வரி. தேதி எழுதியிருக்கிறான். பெயர், இசக்கிமுத்து. அடிபட்ட இடம், இடது காதுக்கு மேல். சிகிச்சை, மருந்து வைத்துக் கட்டப்பட்டது, இது மெர்சி சிஸ்டர் கையெழுத்து. எப்படி நடந்தது என்ற கட்டத்தில் அவன் ஒன்றும் எழுதவில்லை.